ஏழை மனசுல வை

"ஏழை மனசுல வை, அஞ்சை விரல்ல வை." தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளியில் படித்த பெரும்பாலோருக்கு இந்த வாசகம் காதில் இருக்கும். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்றால், ஏழை உள்ளே வைத்துவிட்டு ஐந்து விரலை விரித்து, ஏழுக்கு அப்புறம் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசி விரலில் வந்து நிற்பதுதான் விடை. மதுரைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, இதைச் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பிள்ளை எழுந்து, "எந்த ஏழை டீச்சர்?" என்று கேட்டாள். அவள் காதில் எண் விழவில்லை. வறுமைப்பட்ட ஒரு மனிதர் விழுந்திருந்தார். அவரை மனசில் வைத்துக்கொள்ளவும் அவள் தயாராகத்தான் இருந்தாள், யாரென்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவேயில்லை. ஒரு மனிதரை மனசில் வைத்துக்கொள்வது எப்படியென்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஓர் எண்ணை எப்படி வைத்துக்கொள்வது?

ஐந்து வயதுப் பிள்ளையின் முன் ஏழு புளியங்கொட்டையும் ஐந்து புளியங்கொட்டையும் வைத்து, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். ஏழை எண்ணும். ஐந்தை எண்ணும். பிறகு இரண்டையும் ஒரே குவியலாக்கி ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். "இப்பத்தானே ஏழுன்னு எண்ணுனே" என்றால் நம்மை விசித்திரமாகப் பார்க்கும். அதற்கு ஏழு என்பது எண்ணி முடிக்கும் ஒரு வேலை. வேலை முடிந்ததும் எண்ணும் கரைந்துவிடுகிறது. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் குவியல் முழுவதற்கும் பெயர் என்று குழந்தை அறிந்துகொள்வதை, ரோஷல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலின் தனியொரு விதியாகவே குறித்தார்கள். அந்த அறிவு கைகூடிய பிறகுதான் ஏழைத் திரும்ப எண்ணாமல் அப்படியே விட்டுவைக்கும் தைரியம் வரும். நான் தைரியம் என்ற சொல்லை யோசித்தேதான் எழுதுகிறேன். எண்ணாமல் விட்டது அங்கேயே இருக்கும் என்று நம்புவதற்குச் சின்ன வயதில் தைரியம் வேண்டும்.

இன்னொன்றையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். இரண்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால், கேட்ட வரிசையில் இரண்டை மனசில் வைத்து ஏழு விரலை மடக்கலாம். கொஞ்ச நாளில் பிள்ளை அதைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. ஏழு உள்ளே போகிறது, இரண்டு மட்டும் விரலுக்கு வருகிறது. 1972இல் க்ரோயன், பார்க்மன் என்ற இருவர் முதல் வகுப்புக் குழந்தைகள் விடை சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து பார்த்தார்கள். இரண்டு எண்களில் சின்னது எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கே நேரம் கூடியது. எது முன்னால் வந்தது என்பது பொருட்டாக இல்லை. பெரியதை உள்ளே வை, சின்னதை வெளியே வை என்று நம் ஆசிரியர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்ததை அங்கே கடிகாரம் சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்த வாசகம் ஒரு திண்ணைதான். இளைப்பாறிவிட்டு மேலே நடக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளை நான் ஐந்தாம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். முப்பத்தெட்டும் இருபத்தேழும் எவ்வளவு என்றால், முப்பத்தெட்டை மனசில் வைத்துக்கொண்டு இருபத்தேழு முறை விரல் மடக்குவார்கள். மேசைக்கு அடியில், யாரும் பார்க்காதபடி. நடுவில் ஒன்று தவறும். அல்லது முப்பத்தெட்டையே முதல் விரலுக்குச் சொல்லிவிட்டு ஒன்று குறைவாக வந்து நிற்பார்கள். "இந்த வயசுல விரல் விட்டு எண்ணுறியா?" என்று நானும் அதட்டியிருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. விரலைப் பிடுங்கினேனே தவிர, அதற்குப் பதிலாக நான் எதையும் கையில் கொடுக்கவில்லை.

விரலில் தவறில்லை. விரலை ஒவ்வொன்றாக மட்டுமே பார்க்கக் கற்றுக்கொடுத்ததில்தான் தவறு. ஒரு கை ஐந்து என்பதைப் பிள்ளை எண்ணாமலே அறியும். எட்டு என்பது ஒரு கையும் மூன்று விரலும். ஏழு என்பது ஒரு கையும் இரண்டு விரலும். எட்டையும் ஏழையும் கூட்ட வேண்டுமென்றால் இரண்டு கை சேர்ந்து பத்து, மூன்றும் இரண்டும் ஐந்து, ஆகப் பதினைந்து. இங்கே ஒரு விரலைக்கூட மடக்கவில்லை. எண்ணைப் பிட்டு, பிட்டதை வேறு விதமாகச் சேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான். மனக்கணக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பிட்டுச் சேர்க்கும் வேலை. தோசையைப் பிட்டுத் தின்னும் குழந்தைக்கு இது இயல்பாக வர வேண்டியது. எண் என்பது உடைக்கக் கூடாத பாத்திரம் என்று நாம்தான் பழக்கிவிடுகிறோம்.

ஐந்தாங்கல் ஆடுகிற பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கல் மேலே போக, கீழே கிடக்கும் நான்கையும் முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடுத்ததில் இரண்டிரண்டாக. அதற்கடுத்து மூன்றும் ஒன்றுமாக. பிறகு நான்கையும் ஒரே வாரலில். நான்கு என்ற எண்ணை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பதைக் கை பழகிக்கொள்கிறது, மேலே போன கல் திரும்பி விழுவதற்குள். பல்லாங்குழியில் குழிக்குள் எத்தனை முத்து என்று எண்ணிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவர் சிரிப்பார். நான்கு சேர்ந்தால் பசு. அதைக் கண்தான் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு வரை மனிதக் கண் எண்ணாமலே அறிந்துவிடும் என்று உளவியல் சொல்கிறது. அதற்கு மேல் போனால் குவியலைச் சின்னக் குவியல்களாகப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆறு முத்தை மூன்றும் மூன்றுமாகப் பார்க்கிற பெண் ஏற்கெனவே கூட்டல் செய்துகொண்டிருக்கிறாள்.

வகுப்பில் நான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த பழக்கம், ‘ஒற்றையா இரட்டையா’ விளையாட்டைக் கொஞ்சம் மாற்றியது. பத்துப் புளியங்கொட்டை. சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு மிச்சத்தைத் தரையில் போடுவேன். தரையில் ஆறு. "கைக்குள்ள எத்தனை?" நாளுக்குப் பத்து நிமிடம், இரண்டு மாதம். ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும், ஐந்தும் ஐந்தும். இந்த ஐந்து ஜோடிகளும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி நாக்கில் வர வேண்டும். பத்தைத் தாண்டுகிற எந்தக் கூட்டலுக்கும் இதுதான் படகு. எட்டும் ஐந்தும் என்றால், எட்டுக்குப் பத்தாக இரண்டு குறைகிறது. ஐந்திலிருந்து இரண்டைக் கிள்ளிக் கொடுத்தால் ஐந்தில் மூன்று மிஞ்சுகிறது. பத்தும் மூன்றும் பதின்மூன்று.

இந்தக் கடைசி அடியில்தான் எனக்குத் தமிழின் மேல் தீராத நன்றி. பத்தும் மூன்றும் பதின்மூன்று என்பதில் கணக்கு எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது? பத்தோடு மூன்றைப் புணர்த்தினால் விடை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இலெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்தின் முகம் தெரியாது. தர்ட்டீன் என்னும்போது மூன்று முன்னால் வந்து நிற்கும். இந்தியில் பத்தொன்பதை உன்னீஸ் என்கிறார்கள், இருபதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில். நூறு வரை பெரும்பாலான பெயர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளில் பதினொன்று என்பது பத்து ஒன்று என்றே ஒலிக்கும். தமிழ் அந்த ஊருக்குப் பக்கத்து ஊர். பன்னிரண்டில் கொஞ்சம் ஒலி குழைகிறது, அவ்வளவுதான். இருபது, முப்பது, நாற்பது என்பதில் இரண்டு பத்து, மூன்று பத்து, நான்கு பத்து என்பது கேட்கும் காதுக்குக் கேட்கிறது. ஆனால் அந்தக் காதைத் திறந்துவிட ஒருவர் வேண்டும். "முப்பதுக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்ட அன்று என் வகுப்பு எண்ணூறு வரை ஒளிந்திருந்தவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் பிள்ளைகளைத் தடுக்கி விழ வைக்கும். எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன? "எண்பத்திப் பத்து" என்று சொன்ன பையனை என்னால் மறக்க முடியாது. வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எண்பதும் பத்தும் தொண்ணூறுதான். எண்பதுக்குப் பிறகு ஒன்பதின் பத்துக்கு ‘பது’ என்று முடிகிற பெயரைத் தேடியிருக்கிறான். அந்தப் பெயரை ஒன்பதே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. தொண்டு என்பது ஒன்பதின் பழம்பெயர். அதன் சாயல் நூறோடு சேர்ந்து தொண்ணூறாகவும், ஆயிரத்தோடு சேர்ந்து தொள்ளாயிரமாகவும் நிற்கிறது. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதி சொல்ல வேண்டியிருந்தது. தொல்காப்பியரை நிறுத்தி யோசிக்க வைத்த இடத்தில் ஏழு வயதுப் பையன் நின்றால் நாம் ஏன் சிரிக்க வேண்டும்? அன்று அவனைக் கரும்பலகைக்கு அழைத்து ‘எண்பத்திப் பத்து’ என்று எழுத வைத்தேன். பின்னால் கழித்தலில் பத்தைப் பிரித்து எடுக்கும் பாடம் வந்தபோது வகுப்பில் முதலில் புரிந்துகொண்டவன் அவன்தான்.

சொல்ல வந்ததின் நடுப்பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். நாற்பத்தேழும் முப்பத்தெட்டும் எவ்வளவு? வாயால் சொல்லிக் கேட்டால் பிள்ளை பெரும்பாலும் பெரிய பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நாற்பதும் முப்பதும் எழுபது. ஏழும் எட்டும் பதினைந்து. எழுபதும் பதினைந்தும் எண்பத்தைந்து. மொழி நாற்பதை முதலில் சொல்கிறது, மனசும் நாற்பதை முதலில் எடுக்கிறது. கடைக்காரரும் அப்படித்தான் போடுகிறார், நடத்துநரும் அப்படித்தான். ஆனால் அதே கணக்கை நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் எல்லாம் தலைகீழ். வலது ஓரத்திலிருந்து தொடங்கு, ஐந்தைப் போடு, ஒன்றை மேலே வை. அந்த ஒன்று பத்து என்பதும் நான்கு நாற்பது என்பதும் அந்த நிமிடத்தில் மறைந்துபோகின்றன. மூன்றும் நான்கும் ஏழு, கூட ஒன்று எட்டு. பிள்ளை வெறும் இலக்கங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது.

இனமாற்றத்துடன் கூட்டல் என்று பாடநூல் சொல்லும் அந்த முறை அழகானதுதான். பெரிய பெரிய எண்களுக்கு அது வேண்டும். எனக்கு அதனிடம் உள்ள வழக்கு, அது வரும் நேரம் பற்றியது. எழுபதையும் பதினைந்தையும் மனசில் சேர்க்கப் பழகும் முன்பே வந்துவிட்டால் 715 என்று எழுதிவிட்டுப் பிள்ளை நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஏழு, பக்கத்தில் பதினைந்து. எழுநூற்றுப் பதினைந்து என்று அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், கண் விரியும். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாமல் போன கணம் அது. கான்ஸ்டன்ஸ் கமீ என்ற ஆசிரியர் 1985இல் வெளியான தன் நூலிலிருந்து தொடங்கிப் பல ஆண்டுகள், சின்ன வகுப்புகளில் இந்த எழுத்துமுறைகளைத் திணிக்காதீர்கள், குழந்தைகள் தமக்கான வழியைத் தாமே கண்டுபிடிப்பார்கள் என்று வாதாடினார். முழுக்க அவரோடு என்னால் போக முடியவில்லை. தாமாகக் கண்டுபிடிக்காத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு ஒருவர் வழி காட்டத்தான் வேண்டும். ஆனால் வலமிருந்து தொடங்கும் அந்தப் படிக்கட்டை ஓராண்டு தள்ளிவைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்பதை என் வகுப்பில் பார்த்தேன்.

பழைய தமிழ் எண்குறிகளில் நாற்பத்தேழை ௪௰௭ என்று எழுதுவார்கள். நான்கு, பத்து, ஏழு. வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதியது. பூச்சியத்தோடு வந்த இட மதிப்பு முறை அதைவிடப் பல மடங்கு ஆற்றல் வாய்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் முதல் வகுப்பில் சில வாரங்கள் ‘40 7’ என்று தள்ளித் தள்ளி எழுத விட்டேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது.

இப்போது அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பதினைந்தையும் ஐம்பதையும் அப்படிக் குழப்பிக்கொள்ளும் பிள்ளை அரிது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டும்போது தமிழில் கூட்டி, விடையை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று சுவடி சுவடியாக வாய்விட்டுப் படித்து மனசில் ஏற்றினார்கள். முந்திரி, காணி, மா, மாகாணி என்று பின்னங்களைக்கூட. அதை வெறும் கிளிப்பாடம் என்று ஒதுக்குவது எளிது. அந்தப் பள்ளிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவே கற்கும் வழியாக இருந்தது என்கிறார். நெல் அளப்பவருக்கும் நிலம் அளப்பவருக்கும் நடுவே நின்று மனசிலேயே கணக்குப் போடுவதற்கான பயிற்சி அது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை வழக்கமும், மணலில் விரலால் எழுதும் வழக்கமும் அங்கே இருந்தன. 1789இல் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் தன் பள்ளியில் அதைத் தொடங்கினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797இல் அது நூலாகி, மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. மனப்பாடத்துக்கே திரும்புகிறேன். பத்தின் ஜோடிகளும் இரட்டிப்புகளும் நாக்கில் இருந்தால்தான் பிட்டுச் சேர்க்க மாவு இருக்கும். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்பது மனப்பாடம். அதனால் ஆறும் ஏழும் பதின்மூன்று என்பது யோசனை. இரண்டும் ஒரே அடுப்பில் வேகிறவை. ராபர்ட் சீக்லர் குழந்தைகளின் கணக்கைப் பல ஆண்டு கவனித்துக் கண்டதும் இதற்கு அருகில்தான் வருகிறது. ஒரு பிள்ளை ஒரே நாளில் ஒரு கணக்கை நினைவிலிருந்து சொல்லும், அடுத்ததை விரலில் எண்ணும், அதற்கடுத்ததைப் பிரித்துச் சேர்க்கும்.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற 5 பிள்ளைகளைப் பற்றித் தெரெசினா நூனெஸும் அவருடைய தோழர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. தெருவில் வாடிக்கையாளர்போல நின்று கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடு. நாற்பது ஆண்டு கழித்து, 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்ததும் அதுவே. சந்தைக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் நின்றுபோகிறார்கள். பள்ளியில் மட்டுமே படித்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பிலேயே பூக்கட்டி விற்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி முழம் இருபத்தைந்து என்றால் ஏழு முழத்துக்கு நிமிர்ந்து பார்க்காமல் விலை சொல்வாள். நோட்டைத் திறந்தால் அழுவாள்.

நம் ஊர்ப் பேருந்தில் ஏறுங்கள். பயணச்சீட்டு 23 ரூபாய். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால், "மூணு ரூபா சில்லறை இருக்கா? முப்பதாத் தர்றேன்" என்பார் நடத்துநர். இருபத்தேழு தர வேண்டிய சிக்கலை மூன்று ரூபாயால் வழித்துத் துடைத்துவிடுகிறார். மளிகைக் கடையில் முப்பத்தேழுக்கு ஐம்பது கொடுத்தால் கடைக்காரர் கழிப்பதில்லை. மூன்றை வைத்து நாற்பது என்பார், பத்தை வைத்து ஐம்பது என்பார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அலைபேசியைக் காட்டினால் பெட்டி தொகையை அறிவிக்கிறது, சில்லறை கைமாறுவதில்லை. பணம் கொடுப்பது எளிதாகிவிட்டதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பிள்ளை பார்த்துப் படித்த ஒரு பள்ளிக்கூடம் மூடப்பட்டிருக்கிறது. அந்தச் சில்லறைப் பெட்டியை வகுப்பறைக்குள் நாம்தான் கொண்டுவர வேண்டும்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னார்கள். நல்ல பெயர்கள். எந்தத் திட்டம் வந்தாலும், எந்த மணிச்சரம், குச்சிக்கட்டு வந்தாலும், என் கையில் கடைசியில் தங்கியது ஒரு கேள்விதான்: "எப்படி வந்துச்சு?" இதைத் தவறான விடைக்கு மட்டும் கேட்டால் அது குற்ற விசாரணை. பிள்ளை உடனே விடையை அழித்துவிடும். சரியான விடைக்கும் அதே குரலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் ஆசிரியருக்கு மிகக் கடினம். முப்பது பிள்ளைகள், இரண்டு வகுப்பு ஒரே அறையில், மணி அடிக்கப் போகிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு யார் முதலில் சொல்வது என்று போட்டி வைப்பதை நான் நிறுத்தியதற்கும் அதுதான் காரணம். வேகமாகச் சொல்லத் தெரிந்த இரண்டு பேர் மட்டும் வாய் திறந்தார்கள், மற்றவர்கள் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள்.

மார்கழியில் ஒருநாள் பள்ளி வாசலில் பிள்ளைகள் கோலம் போட்டார்கள். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலு வரை. நடுவில் ஏழு, மேலே ஆறு, ஐந்து, நான்கு, கீழேயும் அதேபோல. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். சிலர் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்கள். நோட்டைத் திறந்தால் அழுகிற அந்தப் பெண் மட்டும் கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "முப்பத்தேழு" என்றாள்.

"எப்படி வந்துச்சு?"

"மேல உள்ள நாலுக்குக் கீழ உள்ள ஆறு, பத்து. கீழ உள்ள நாலுக்கு மேல உள்ள ஆறு, இன்னொரு பத்து. அஞ்சும் அஞ்சும் ஒரு பத்து." பிறகு கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நடுவரிசையைக் கால் கட்டைவிரலால் காட்டினாள். "ஏழை மனசுல வச்சுருந்தேன் டீச்சர்."